இடது காது

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் காதில் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. வெளியே கேட்டால் உதவியாளர் என்று சொல்லிக்கொள்வேன்.

எங்கள் மலையடிவாரத் தொகுதியில் அவர் ஐந்து முறை ஜெயித்தார். ஒரு முறையும் மந்திரியாகவில்லை. சட்டசபையில் வாயைத் திறந்ததும் அபூர்வம். ஒரே ஒரு தடவை போடிமெட்டு மலைப்பாதையைப் பற்றி எழுந்து கேள்வி கேட்டார். வந்த பதிலைப் பெரிதாக அச்சடித்து ஊர் ஊராக ஒட்டினோம். பரிசீலனையில் இருக்கிறது என்பதுதான் அந்தப் பதில். அப்புறம் எப்படி ஐந்து முறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இழவுக்கு வந்தார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இழவுக்கு வராவிட்டால் பேச்சே நின்றுபோகும். இதைப் புரிந்துகொண்டு அதை வைத்தே காலத்தை ஓட்டிய மனுஷன் அவர்.

காலையில் எழுந்ததும் போனில் உட்காருவேன். போடியில் பூக்கடைக்காரருக்குத்தான் எல்லாச் சாவும் முதலில் தெரியும். அடுத்து ஏலக்காய்க் கடைகள், பஸ் ஸ்டாண்டு டீக்கடை. தேவாரம் பக்கம் யானை மிதித்து ஒரு விவசாயி போயிருப்பார். மலைமேல் ஏலத்தோட்டத்தில் ஒருவர் விழுந்து இறந்திருப்பார். உடல் ஜீப்பில் மெட்டு வழியாக இறங்கும். அது ஊருக்குள் போகும்வரை நாங்கள் பொறுக்க மாட்டோம். மலைக்குக் கீழேயே ஜீப்பை மறித்து, முதல் மாலையை அவர் போட்டுவிடுவார்.

காரிலிருந்து இறங்கும்போது இடது காதை என் பக்கம் சாய்ப்பார். பெயர், யாருக்கு என்ன உறவு, பிள்ளைகள் எத்தனை. இந்த வரிசையில், வாசலுக்குப் போகிற நாலு எட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். உள்ளே போனதும், “ஏ மாமா, எந்திரி மாமா, மூணு பொம்பளப் பிள்ளைகள விட்டுட்டு இப்படிப் படுத்துக்கிட்டியே” என்று கதறுவார். கண்ணீர் நிஜமாகவே வரும். முதல் இரண்டு வருடம் கூட நின்று நானும் அழுதேன், மடையன்.

இழவு வீட்டிலேயே மனுவும் கொடுப்பார்கள். செய்கிற காரியமென்றால் அங்கேயே போனை எடுத்துப் பேசிவிடுவார். செய்யப்போவதில்லை என்றால் தோளில் கைபோட்டு, “விடு அப்பு, பாத்துக்கிருவோம்” என்பார். கார் கிளம்பியதும் அந்த மனு என் பையின் அடியில் போய்விடும். வாங்கின கையோடு நானே அதை உள்ளே திணித்திருக்கிறேன். தொகுதியில் அந்தச் சூட்சுமம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் ஐந்தாவது முறை ஜெயித்திருந்த சமயத்தில் என் மனைவிக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், பெரிய ஆள் யாராவது ஒரு வார்த்தை பேசினால் சீக்கிரம் நடக்கும் என்றார் டாக்டர். என்னிடம் இல்லாத பெரிய ஆளா? இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். காரில் வைத்துச் சொன்னேன். அவர் என் தோளில் கைபோட்டார்.

“விடு அப்பு, பாத்துக்கிருவோம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்புவீர்களோ என்னவோ, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊர்க்காரனுக்குச் சொல்வது வேறு, எனக்குச் சொல்வது வேறு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய், “ஐயாகிட்டச் சொல்லிட்டேன், பாத்துக்கிருவோம்னுட்டாரு” என்றேன். “அப்பக் கவலையில்ல” என்றாள். அவள் அவரை நம்பவில்லை, என்னை நம்பினாள். அந்த நினைப்பைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

வாரங்கள் போயின. இன்னொரு முறை நினைவூட்டக் கூச்சம். அவசரப்படுத்துகிறான் என்று ஐயா நினைத்துவிடக் கூடாதாம். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே தூங்கினாள். ஒரு காலையில் சட்டையை மாட்டும்போது, “இன்னைக்கி ஒரு நா வீட்ல இருங்களேன்” என்றாள்.

“ரெண்டு எழவு கெடக்கு. சோலிய முடிச்சிட்டு வெரசா வந்துர்றேன்.”

இரண்டாவது இழவுக்காக மலையடிவாரத்தில் மாலையோடு நின்றிருந்தோம். ஜீப்பு இறங்குவதற்குள் மச்சினனிடமிருந்து போன் வந்தது. ஐயாவிடம், “வீட்ல அவசரம், போறேங்கய்யா” என்று மட்டும் சொன்னேன். வந்த பஸ்சில் ஏறிவிட்டேன்.

பூக்கடையிலிருந்து சேதி போயிருக்கும், சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். தெருவில் போட்ட பந்தலைப் பார்த்து டிரைவர் காரை நிறுத்தியிருப்பார். கதவைத் திறந்து இறங்கியவர், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். நேராகப் பக்கத்தில் வந்து, வழக்கம்போல இடது காதைச் சாய்த்தார்.

அறைந்திருக்கலாம். என் மனு என்னாச்சு என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது. அவள் பெயர், என் சம்சாரம், பிள்ளைகள் ரெண்டு. அதே வரிசையில் சொன்னேன். நாலு எட்டுக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

“ஏ தங்கச்சி, எந்திரி தங்கச்சி, ரெண்டு பிள்ளைகள விட்டுட்டு...” என்று உள்ளே அவர் கதறுவது கேட்டது.

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். “எங்கக்கா குடுத்து வச்சது மச்சான். ஐயாவே வந்து அழுகுறாரு பாருங்க” என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.