கரும்பலகைக்கு அந்தப் பக்கம்

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்களுக்கு நீண்ட மண்டபம் ஒன்றுதான். நடுவே ஒரு கரும்பலகை; இந்தப் பக்கம் என் நான்காந் தரம், அந்தப் பக்கம் இன்னொரு ஆசிரியையின் ஐந்தாந் தரம். அவர் குரலுக்கு மேல் நான் பேச, என் குரலுக்கு மேல் அவர் பேச, இருவருமே கத்துவோம். அளவு மீறினால் பலகையை டஸ்டரால் இரண்டு தட்டுத் தட்டுவது எங்கள் வழக்கம். குறையுங்கள் என்று அர்த்தம்.

"டீச்சர், எம்புள்ளைங்க ஒங்க கணக்கத்தான் எழுதுதுங்க" என்பார் அவர் இடைவேளையில்.

தை மாதம் அவருக்கு நுவரெலியாவுக்கு இடமாற்றம் கிடைத்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. அவர் பிள்ளைகளும் என் பக்கம் வந்தார்கள். மத்தியானத்துக்குள் என் குரல் கம்மிவிடும். ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் கம்மல் நிலைத்துவிடும் என்றார் டாக்டர். பாடசாலை அதிபரிடம் சொன்னேன். பதிலுக்கு யாரை நிறுத்துவது என்று கேட்டார், கோபமில்லாமல். அவரும் மற்றக் கட்டடத்தில் இரண்டு வகுப்புகளைப் பார்க்கிறார். நான் லீவு போடவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னம் விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண்பிள்ளை கேட்டாள்: "அந்தப் பக்கந்தான் ஆளே இல்லையே. ஏன் டீச்சர் கத்துறீங்க?"

கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பலகையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெறும் தரை. சுவரில் அவர் ஒட்டிய வாய்பாடு. இத்தனை வாரமும் இல்லாத குரலோடு போட்டி போட்டிருக்கிறேன். தட்டிச் சொல்ல ஆளில்லை.

அன்றே அதிபரிடம் போய், திங்கள் முதல் ஒரு வாரம் வரமாட்டேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைத் தானே பார்ப்பதாகச் சொன்னார்.

பேசாமலிருப்பது கடினம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். என் வாடகை அறையில் அது கடினமாகவே இல்லை. சமைத்தேன், துணி மடித்தேன், ஜன்னலில் பனி மூடுவதைப் பார்த்தேன். பேச வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை.

புதன்கிழமை பழைய ஐந்தாந் தர ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர்? இருக்கீங்களா?"

பதில் சொல்ல முடியாமல் மேசையை இரண்டு தட்டுத் தட்டினேன்.



"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கலயே" என்றார். பிறகு, மெதுவான குரலில், புதிய பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு அறை இருக்கிறது என்றும், பக்கத்து அறையில் யார் படிப்பிக்கிறார்கள் என்றே இன்னும் தெரியவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.