அமெரிக்காவுக்குப் போன நேர்த்திக் காசு

சிவநேசனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மலேசியாவில், ரவாங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, அடுப்பை அணைத்தாயா என்று மனைவி உஷாராணிக்குப் போன் போடுவார். உஷாராணி வீட்டிலேயேதான் இருப்பார், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். இந்த மனிதருக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஸ்தாரி ஜெயாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எல்லோரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள்; இப்போது தொழிற்சாலை, அலுவலகம், என்னைப் போல லோரி என்று பிரிந்து கிடக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து, ஒரு துண்டை விரித்து, புதிதாக வாங்கிய காசுகளை அதன்மேல் வைப்போம். வைக்கிறவர் முதலில் வீட்டில் சொன்ன விலையைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் உண்மையாகக் கொடுத்த விலை. அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்போம். எங்கள் பொண்டாட்டிமார் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் எங்கள் கதி என்ன ஆகும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

போன வருடம் சிவநேசன் ஒரு காசு கொண்டுவந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டு அடித்த பெரிய ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் காசு. அந்தக் காசை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம், எல்லாம் தேய்ந்தவை. இது நேற்று அடித்ததுபோல மின்னியது.

"வீட்டுல அஞ்சு வெள்ளின்னு சொன்னேன்," என்றார் சிவநேசன். கொடுத்த விலையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய அரை மாதச் சம்பளம் அது.

கோலசிலாங்கூரில் நாணயக் கடை வைத்திருக்கிற வாசுவும் அன்று வந்திருந்தான். "அண்ணே, இத கிரேடிங்குக்கு அனுப்புங்கலா. நல்ல நம்பர் வந்தா போட்ட காசு மாதிரி நாலு மடங்கு," என்றான்.

கிரேடிங் என்றால், அமெரிக்காவில் ஒரு கம்பெனி காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரை வைத்து அனுப்பும். பெட்டி உடைந்தால் மார்க் செல்லாது. அதற்குக் கட்டணம், போகிற தபால், வருகிற தபால், இன்சூரன்ஸ், வாசுவின் கமிஷன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் சொன்னேன். செலவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிவநேசன் கொடுக்கப்போகிற விலை வேறு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வாசு பத்துப் பேரின் காசைச் சேர்த்துத்தான் அனுப்புவான். மறுவாரம் கட்டு கிளம்புவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் வேலை முடிந்து வீடு திரும்பிய சிவநேசனிடம் உஷாராணி சொன்னார்: "என்னாங்க, ஒங்க பொட்டியிலேருந்து அந்த ஒத்த வெள்ளிக் காச எடுத்துக்கிட்டேன். நித்தியாவுக்கு நல்லபடியா பொறக்கணும்னு ஆத்தாவுக்கு முடிஞ்சி வெச்சிருக்கேன்."

நித்தியா அவர்களுடைய ஒரே மகள், கட்டிக்கொடுத்து ரவாங்கில் இருக்கிறாள். முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இது மூன்றாவது, அப்போது ஐந்தாம் மாதம். பிறந்த தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுச் சாமி மேடையில் வைத்து, காரியம் கைகூடியதும் கோயில் உண்டியலில் போடுவது உஷாராணியின் வீட்டு வழக்கம். முடிவது ஒற்றை வெள்ளிக் காசாக இருக்க வேண்டும். இப்போது ஒரு வெள்ளி என்றால் நோட்டுதான். காசுக்கு எங்கே போவார்? புருஷன் பெட்டியில் ஐந்து வெள்ளிக்கு வாங்கின பழைய காசு ஒன்று கிடந்தது.

அந்த நேரத்தில் சிவநேசன் வாயைத் திறந்திருக்கலாம். "அது வேண்டாம்மா, வேற தர்றேன்" என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் விலை வெளியே வரும். மென்று விழுங்கினார். உஷாராணி குளிக்கப் போனதும் சாமி மேடைக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார். நல்லவேளை, துணி காய்ந்திருந்தது, காசில் மஞ்சள் ஏறவில்லை. தன் சேகரிப்பில் அடியில் கிடந்த அதே மாதிரி தேய்ந்த காசு ஒன்றை உள்ளே வைத்து, பழையபடி முடிந்தார். ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி, ஆத்தா என்ன பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப்போகிறாள் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாராம். காசு வாசுவின் கட்டோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு மனிதர் மனிதராக இல்லை. நித்தியாவிடமிருந்து போன் வந்தால் எடுக்காமல் உஷாராணியிடம் நீட்டிவிடுவார். ஏழாம் மாதம் வளைகாப்பு. கையில் வளையல் ஏறவில்லை, அவ்வளவு வீக்கம். மறுநாளே இரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு உஷாராணி அழுதார். சிவநேசனுக்கு அழக்கூட முடியவில்லை. நேர்ந்த முடிச்சை அவிழ்த்தது நான்தானே என்ற ஒரே நினைப்பு.

வாசுவைப் போனில் பிடித்தார். "அந்தக் காச திருப்பி வாங்கித் தாலா. கிரேடிங்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"அண்ணே, வெளையாடுறீங்களா? போயி வரிசையில நிக்குது. இப்ப கேட்டாலும் சீக்கிரம் வராது, கட்டணமா கட்டுன டுயிட்டும் வராது."

எங்களிடம் வந்து புலம்பியபோது நான் கிண்டல் செய்தேன். பெயின்ட் டப்பாவை எண்ணுகிறவர் மாரியம்மன் கணக்கையும் பார்க்கிறாரே என்றேன். அவர் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைத் தொடவும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது.

நித்தியாவை வீட்டுக்கு அனுப்புவதும் திரும்பச் சேர்ப்பதுமாக நாட்கள் போயின. ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் அழுத்தம் மறுபடி ஏறியது. நாளைக்கே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றார்கள். வார்டிலிருந்து உஷாராணி போன் செய்தார்: "சாமி மேடையில இருக்குற முடிச்ச எடுத்துக்கிட்டு வாங்க. புள்ளயோட தலமாட்டுல வெக்கணும்."

அன்று காலையில்தான் காசு வந்துவிட்டதாக வாசு செய்தி அனுப்பியிருந்தான். தன்னால் மோட்டார் ஓட்ட முடியாது என்று சிவநேசன் என்னைக் கூப்பிட்டார். நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் முடிச்சு அவர் சட்டைப் பையில் இருந்தது. நேரே கோலசிலாங்கூர்.

வாசு வாயெல்லாம் பல்லாக நின்றான். "அண்ணே, அறுபத்தாறு! ஒருத்தரு இப்பவே வெல கேட்டுட்டாரு." பெட்டிக்குள் காசு ஜொலித்தது. எனக்கே பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"சுத்தியல் இருக்கா?" என்றார் சிவநேசன்.

"எதுக்குண்ணே?" புரிந்ததும் வாசு கத்திவிட்டான். "அண்ணே வேணாம்லா! ஒடச்சா அந்த நம்பரு போச்சு. பத்து காசோட பதினோராவது காசு ஆயிடும்."

சிவநேசன் காதில் எதுவும் விழவில்லை. கல்லாப்பெட்டிக்குக் கீழே கிடந்த சுத்தியலை அவரே எடுத்தார். முதல் அடி வழுக்கியது. இரண்டாவதில் மூலை விரிந்தது. பிளாஸ்டிக் சில்லு கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அடுக்கடுக்காக உறையில் போட்டு, கைபடாமல் விளிம்பைப் பிடித்தே பழகிய மனிதர், அந்தக் காசை உள்ளங்கையில் வைத்து இறுகப் பொத்திக்கொண்டார். முடிச்சை அவிழ்த்துத் தேய்ந்த காசை என்னிடம் தந்துவிட்டு, இதை உள்ளே வைத்து முடிந்தார். வாசு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நேரே ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டேன்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோகூட இல்லை, ஆனால் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்ததாம். தாயும் சுகம்.

குழந்தைக்குத் தீட்டுக் கழித்த பிறகு தோட்டத்துக் கோயிலுக்குப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். நித்தியா குழந்தையோடு காரில் இருந்தாள். சுற்றிலும் செம்பனை மரங்கள், கோயிலில் வேறு ஆளில்லை. உஷாராணி உண்டியல் முன்னால் நின்று முடிச்சை அவிழ்க்கப் போனார். சிவநேசனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாற்றி வைத்தது, அனுப்பியது, உடைத்தது, விலை, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டார். அந்தம்மா விலைக்குத்தான் பொங்கப்போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

உஷாராணி விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவுத்தப்ப அவளுக்கு எத்தினியாவது மாசம்?"

"அஞ்சு."

"அப்போ அந்த நாலு மாசமும், நான் அங்க வெளக்கேத்தி கும்புட்டப்பல்லாம், நீங்க பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க."

உஷாராணி காசை எடுத்து உண்டியலில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நித்தியாகிட்ட இத சொல்லிடாதீங்க," என்றார். "ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போடுறப்ப, அம்மான்னு கூப்புடல அவ. அப்பான்னுதான் கூப்புட்டா."