செல்லாயியும் நடுப்பகல் பெரட்டும்

முந்தாநாள் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து தப்புச் சத்தம் கேட்டது. சாவு அடி. வாசலுக்கு வந்து பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி, "செல்லாயி அக்கா போயிருச்சுங்க டீச்சர். இனிமே காலையில ஆளெண்ணுற பெரட்டு சப்புன்னு இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இந்தத் தோட்டத்தில் அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். தொண்டையிலிருந்து நாய்க்குட்டி மாதிரி ஒரு குரல் வரும். அதன் பின்னாலேயே காது கூசுகிற ஒரு கெட்ட வார்த்தை. பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடித்தீர்கள். திமிர் என்று சொல்லிக் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அரைநாள் வேலை என்று அரைப்பேர் போட்டுக் கூலியை வெட்டினார். "வாய் என்னுதுங்க டீச்சர், வார்த்தை என்னுதில்ல" என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று பாடையைத் தூக்கும்போது மட்டும் எல்லோருக்கும் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

கையில் வேலை இருந்தால் அவளுக்குக் கழுத்து அடங்கிவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. மகள் காமாட்சியைப் பெண் பார்க்கக் கொத்மலைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, அவர்கள் இருந்த நேரம் முழுக்கச் செல்லாயி முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள். "சம்பந்தியம்மா ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டாங்க போல" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் மெச்சினார். பரிசம் போட நாள் குறித்தார்கள். தாலி ஏறும்வரை விஷயம் அவர்களுக்குத் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் அவள் கவலை. காமாட்சியைப் பார்க்கிற பிள்ளைகளெல்லாம் குரைத்துக் காட்டுகிற இந்த லயத்தை விட்டு அந்தப் பெண் போய்விட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேயிலையைப் பற்றிச் செய்திப்படம் எடுக்கச் சீமையிலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். துரையின் மனைவி துரைசாணி சொல்லி இவளைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். இது நரம்பு வியாதி, எங்கள் நாட்டிலும் உண்டு, படமாகக் காட்டினால் ஜனங்களுக்கு இரக்கம் பிறக்கும் என்றார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். செல்லாயி ஒன்றுதான் கேட்டாள். "இத இங்க யாரும் பாக்க மாட்டாங்கள்ல?" இந்த நாட்டில் டெலிவிஷனே கிடையாது, எப்படிப் பார்ப்பார்கள் என்றார்கள். சரி என்றாள்.

மலையில் நிறுத்தி எடுத்தார்கள். கை கொழுந்தில் இருந்ததால் கழுத்து அசையவே இல்லை. படக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கண்டாக்கு ஐயாவுக்கு யோசனை வந்தது. சும்மா நிற்க வைத்தால் தானாக வந்துவிடும். விடியற்காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டை, மறுநாள் உச்சிவெயிலில் தப்படித்துக் கூட்டினார். படத்தில் கூட்டம் நிறையத் தெரியட்டும் என்று, அதே கம்பெனியின் கொத்மலைத் தோட்டத்திலிருந்து ஒரு லொறி ஆட்களையும் வரவழைத்தார். அந்த லொறியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமனும் இறங்கினார்.

செல்லாயி அவரைப் பார்த்துவிட்டாள். முந்தானையைக் கைகளில் சுற்றி முறுக்கிக்கொண்டு நின்றாள். "கையக் கீழ போடு" என்றார் கண்டாக்கு. போட்டாள். பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. பின்வரிசையிலிருந்து உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், "லொள்" என்று குரைத்தார். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது. நிறுத்தாதே, எடு என்று வெள்ளைக்காரர் கை காட்டிக்கொண்டே இருந்தார். பெரட்டுக் களமே சிரித்தது. தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ரத்தத்துல ஓடுற சீக்கு, எங்களுக்கு வேணாம்" என்று அந்த வாரமே ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்கள். காமாட்சிக்கு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

லீவுக்குச் சீமைக்குப் போய்த் திரும்பிய துரைசாணி ஒரு நாள் சொன்னார். படம் அங்கே ஓடியதாம். செல்லாயியின் கைகள் கொழுந்து பறிப்பது அழகாக வந்திருந்ததாம். பெரட்டை மட்டும் வெட்டிவிட்டார்களாம். சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்குமாம். இரக்கம் பிறக்க வைக்க வந்த புண்ணியவான்கள். செல்லாயியிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் செல்லாயி கண்டாக்கின் முன்னால் போய் நின்றாள். கழுத்து ஆடவில்லை. நிதானமாக, அவருடைய தாயையும் சேர்த்து, ஒரு வசவு வைதாள். கூட்டம் சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். வியாதி என்று வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தாரே. "பாவம், நரம்புச் சீக்கு, விடுங்க" என்று முழுப்பேர் போட்டார். தானாக வந்த வார்த்தைக்கெல்லாம் கூலியை வெட்டிய மனிதர்.

செல்லாயி என்னிடம் வந்தாள். "டீச்சர், இது தானா வரலீங்க. நாந்தான் வஞ்சேன். அதக்கூட எடுத்துக்க மாட்டேங்குறாரே" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வசவு. நேற்று இடுகாட்டில் மாலையோடு வந்து, "நல்ல மனுசி, இப்பதான் அமைதியா இருக்கா" என்றார் கண்டாக்கு ஐயா. பக்கத்தில் போய், ஒரு எழுத்து விடாமல் அதை அவரிடம் சொன்னேன். எனக்கு எந்தச் சீக்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.