பதில் சொல்லாத பெட்டி

பல்கலைக்கழகத்தில் எந்தக் கருவி வலையமைப்பில் சேர வேண்டுமானாலும் முதலில் முகவரியம்மாவிடம் வந்தாக வேண்டும். அதற்கு முகவரியாக ஓர் எண்ணும், கூப்பிட ஒரு பெயரும் ஒதுக்கிப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் பதினாறு வருஷமாக அவள் வேலை. ஒரே எண்ணை இரண்டு கருவிகள் வைத்துக்கொண்டால் இரண்டும் திண்டாடும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பக் கை வராது. ஏதாவது ஓர் எண்ணை 'பிங்' செய்வார்கள், அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் காலி வீடு கிடைத்ததுபோல் தாங்களே குடியேறிவிடுவார்கள்.

"லீவுக்கு அணைச்சு வெச்ச மெஷின் எப்படிங்க பதில் சொல்லும்?" என்று கத்துவாள். "தூங்குறவன் குரல் குடுக்கலேன்னா கட்டிலைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"ஆபீஸ் சண்டையை ஆபீஸ்லயே விட்டுட்டு வாயேன்" என்பது வீட்டில் கணவர் அன்றாடம் பாடும் பாட்டு.

அன்று காலை உயிரியல் ஆய்வு மாணவி அழுத கண்ணோடு வந்து நின்றாள். சனிக்கிழமை ஆய்வகத்து ஃப்ரீசர் பழுதாகி, நாலு வருஷமாகச் சேர்த்த ரத்த மாதிரிகள் அத்தனையும் பாழ். குளிர் குறைந்தால் அவள் கைபேசிக்குச் செய்தி அனுப்ப ஓர் எச்சரிக்கைப் பெட்டி உண்டு. அது வாயே திறக்கவில்லை.

"பெட்டியை நான்தான் அணைச்சுட்டேன்னு சொல்றாங்கக்கா. பதினோரு மணிக்கு விசாரணை. என்னை அனுப்பிடுவாங்க."

முகவரியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எவனோ உன் எண்ணை எடுத்துட்டான். இன்னிக்கு இருக்கு அவனுக்கு."

தேடிப் பார்த்ததில், அதே கட்டடத்து மேல்மாடியில் போன மாதம் வந்த பிரின்டர் ஒன்று அந்த எண்ணில் உட்கார்ந்திருந்தது. இரண்டும் மல்லுக்கட்டியதில் பெட்டியின் செய்தி வெளியே போகவில்லை.

"பிரின்டருக்குப் படிவம் இருக்காது பாரு" என்றாள்.

இருந்தது. ஒழுங்காக நிரப்பியிருந்தது. எண்ணை ஒதுக்கியது அவளேதான்.

பழைய பதிவைத் தோண்டினாள். வருஷக் கடைசியில் செத்த முகவரிகளைக் களைவது அவள் வழக்கம். மூன்று முறை பிங் செய்து, பதில் வராததை அழித்துவிடுவாள். இந்தப் பெட்டியையும் அப்படித்தான் அழித்திருந்தாள். பாதுகாப்புக்காகப் பெட்டி பிங்குக்குப் பதில் தராது என்று மாணவி படிவத்தில் எழுதியிருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது.

திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனது. வெட்கமாக இருந்தது. பதிவேட்டுப் பக்கங்களையும் அந்தப் படிவத்தையும் அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாம்மா, நானும் வரேன். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்."

மாணவி கோபப்படவில்லை. அவள் கையிலிருந்த தன் படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எழுதித்தானேக்கா குடுத்தேன்" என்றாள்.