குனிந்து நுழைந்த வீடு

1. மேடில்லாத ஊர்

வட ஜகார்த்தாவில் சிலின்சிங் என்றொரு பகுதி. துறைமுகம், லொறிகள், கார்மென்ட் பெக்டரிகள், தாங்க முடியாத வெக்கை. அங்கே ஒரு பெக்டரியில் எலக்ட்ரிஷனாகச் சேர்ந்த முதல் நாள், கேட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனவன் சேவியர். குவாலிட்டி செக்கிங்கில் வேலை. அவன் ஊர், இலங்கை மலைநாட்டில் பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அதே பக்கத்துத் தெமோதரைக்காரனான நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தான்.

மெயின் போர்டைக் காட்டுவான் என்று பார்த்தால், மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான்.

"அண்ணே, சுத்திப் பாருங்க. எங்கயாச்சும் ஒரு மேடு தெரியுதா?"

"இல்லப்பா."

"அதான் எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு. மழை பேஞ்சாலும் இங்க நான் தூங்குறேன்."

சரியான கிறுக்கன் என்று நினைத்தேன். விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவனுடைய அம்மா மண்சரிவில் போனவர். அப்பா ஆரோக்கியம் அதே மலைக்குக் கீழே வேறொரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தனியாக இருந்தார். அந்த லயமும் அபாயம், வெளியேறுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நோட்டீஸ் ஒட்டுகிறவனுக்கு அது தேவையில்லாத கதை.

அப்பாவை அங்கிருந்து எடுக்க வேண்டும். சேவியர் கடல் தாண்டி வந்ததே அதற்குத்தான்.

2. நம்ம காம்பரா மாதிரி

தையல் லைனில் இருந்த மார்த்தாவை அவன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். ப்ளோரஸ் தீவிலிருந்து பிழைக்க வந்த மலைக்காரப் பெண். நல்ல பிள்ளை. வெளிநாட்டுக்காரன் பெயரில் அங்கே நிலம் எழுத முடியாது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே, சொத்து அவளுக்குத் தனி என்று நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதி, அவள் பெயரில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவு செய்தான். பெக்டரிப் பெண் பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் பதுளைப் பக்கம் சமமான நிலத்தில் அப்பாவுக்கு வீடு கட்டுவது. இதுதான் திட்டம்.

"அதுக்கு இங்க எதுக்குப்பா சுத்தி வளைக்கணும்? நேரா ஊருலயே ஒரு துண்டு காணி வாங்கிடலாமே?" என்று கேட்டேன்.

"நம்ம காசுக்கு அங்க கெடைக்கிறது மறுபடியும் சரிவுலதான்ணே."

அது உண்மை. 

வயரிங் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனான். ஒடுங்கிய சந்து, காய்ந்த சிமென்ட் ரோடு. வாசலில் அவன் குனிந்து நுழைந்தான், நானும் குனிந்து நுழைந்தேன். லயத்தில் பிறந்தவன் வாசலைக் கண்டால் தலை தானாகக் குனியும். ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருந்தது. பிளக் பொயின்ட் எல்லாம் தரையை ஒட்டி இருந்தன. எந்தச் சோம்பேறி செய்த வேலையோ என்று வயர்மேனைத் திட்டினேன்.

"நம்ம லயத்துக் காம்பரா மாதிரியே இருக்குல்லண்ணே?" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பக்கம் கடல் தண்ணீர் ஏறும் என்று நாங்கள் கேள்விப்படாமல் இல்லை. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"வந்த தண்ணி போயிரும்ணே. வந்த மண்ணு போகாது."

அம்மாவை மண்ணுக்குக் கொடுத்தவன் சொல்கிறான் என்று நானும் தலையாட்டினேன்.

3. ருஸ்லி கேட்ட கேள்வி

கல்யாணம் முடிந்து குடிபோன அன்று பெக்டரி ஆட்களுக்குச் சாப்பாடு. போர்க்லிப்ட் ஓட்டும் ருஸ்லி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வந்தவர் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார். நிலைப்படிக்கு மேலே கை வைத்துப் பார்த்தார்.

"இந்தத் தரையை எத்தனை தடவை உயர்த்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். இங்கே நிலம் வருடா வருடம் கீழே இறங்குகிறது, கடல் அப்படியே இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்ததும் மண் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். கூரையை உயர்த்த வசதி இருக்காது. அதனால் வீடு குள்ளமாகிக்கொண்டே போகும். இந்த ஊர் ஆட்கள் வீடு பார்க்கப் போனால் முதலில் வாசல் உயரத்தைத்தான் பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியாதா என்றார்.

எங்களுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து நுழைகிற வீட்டை நாங்கள் தோட்டத்துத் தொரையின் பங்களாவில்தான் பார்த்திருக்கிறோம்.

சேவியர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மண்ணு மேலருந்து வரும்னுதானேண்ணே பயந்தேன். காலுக்கு அடியில போகும்னு யாரு நெனச்சா?"

அந்த வருடமே தண்ணீர் வந்தது. மழையே இல்லாமல், பட்டப்பகலில், சாக்கடைக் கான் வழியாகக் கறுப்பாக ஏறி வந்தது. நான் போய் மெயினை ஓப் பண்ணினேன். பழைய வயரையெல்லாம் பிடுங்கி, கூரையோடு ஒட்டிப் புது லைன் இழுத்தேன். பிளக் பொயின்ட்டை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். அதற்கு மேல் எலக்ட்ரிஷனால் என்ன செய்ய முடியும்? வாடகைக்கு இருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வந்த கொஞ்சநஞ்ச வாடகையும் மண்ணுக்கும் சிமென்ட்டுக்கும் போனது.

"வித்துருடா" என்றேன்.

"யாருக்குண்ணே? நம்மள மாதிரி குனிஞ்சே வளர்ந்தவன் இன்னொருத்தன் வரணும்."

அவன் சிரித்தான். 

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவுக்குப் போன் எடுப்பான். தண்ணீர்க் கதையைப் பற்றி மூச்சு விடமாட்டான்.

"இன்னும் கொஞ்ச நாளுப்பா. வீட்டு வேலையைத் தொடங்கிருவேன்."

"அவசரமில்ல மகன். ஒடம்பப் பாத்துக்க" என்பார் கிழவர். பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்கும்.

4. பெரகலை

நான் வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு வந்த மழையில், அந்த மலை இறங்கியது. செய்தி கேட்டதும் சேவியருக்காகப் போனேன். பாதை பல இடங்களில் உடைந்திருந்தது. பெரகலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மீதியை நடந்து போனேன். கிழவர் ஆரோக்கியத்தின் உடலை எடுத்து, தோட்டத்துப் பாடசாலையில் வைத்திருந்தார்கள். பொறுப்பெடுக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே ஒரு அம்மா வந்து என்னோடு பேசினார். சரோஜா என்று பெயர், கிழவரின் பக்கத்துக் காம்பராக்காரர். மழைக்கு முன்பே புருஷன் பிள்ளைகளோடு பெரகலைக் கடையொன்றின் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துப் போனதால் அவர் குடும்பம் தப்பித்திருக்கிறது.

"பெரியவரையும் வாங்கன்னு கூப்பிட்டேங்க. அடுத்த ரூமு சும்மாதான் கெடந்துச்சு. மகன் வீடு கட்டுறான், இந்த வயசுல வாடகை வீட்டுக்குப் போனா அவனுக்குக் கேவலம், இன்னும் கொஞ்ச நாளுதானேன்னாரு."

 அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சேவியரால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. போனில் காட்டினேன். மண் போடும்போது கத்தினான். பிறகு கேட்டான்.

"பக்கத்துக் காம்பராக்காரங்க எல்லாம் தப்பிச்சிருக்காங்க. அப்பா மட்டும் ஏண்ணே போகல?"

"தெரியலப்பா" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் எத்தனை மாலை உட்கார்ந்து திட்டம் போட்டோம்! நோட்டரி, வயரிங், வாடகை, காணி என்று பேசாதது இல்லை. பெரகலையில் ஒரு கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து அப்பாவை முதலில் அங்கே வைப்போம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவனுடைய சம்பளத்தில் அது பெரிய செலவே இல்லை. ஆனால் அது சொந்தம் இல்லையே. ஆயுள் முழுக்கத் தோட்டத்துக்குச் சொந்தமான கூரைக்குக் கீழே கிடந்த ஜனத்துக்குச் சொந்த வீடு என்ற ஆசை கண்ணை மறைத்துவிடுகிறது.

வெளிநாட்டுக்குப் போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இவ்வளவுதான் சொல்வேன். வீட்டில் இருப்பவர்கள் ஆபத்தான இடத்தில் இருந்தால், கையில் வருகிற முதல் சம்பளத்தில் அவர்களை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வாடகை அறையோ, சொந்தக்காரர் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையோ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. முதலீடெல்லாம் அதற்குப் பிறகு. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் பொறுத்திருப்பார்கள்.