பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

இதை எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்துபோனது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை கூடாது என்று விட்டேன். எஸ்தர் நர்சம்மா கண்ணை மூடின பிறகு இனி எதற்கு என்று விட்டேன். அப்புறம் பிள்ளைகள் கல்யாணம், பேரன் பேத்தி, கண்ணில் புரை என்று ஏதாவது ஒரு சாக்கு. உண்மையில் எனக்குப் பயம். எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்பாலிக் சோப்பின் வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஆம்பூரில் எங்கள் தெருவின் வாசனை வேறு. சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும் சேர்ந்த அந்த நெடி எங்கள் துணியில், தலைமயிரில், சோற்றில்கூட இருந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அது எங்களுக்கு ஞாபகம் வரும். அந்த நெடிக்கு நடுவில் வெள்ளைப் புடவையும் கார்பாலிக் வாசனையுமாக எஸ்தர் நர்சம்மா வந்தால், தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள். கடைத்தெருவை ஒட்டி இருந்த சின்ன டிஸ்பென்சரிக்கு அவர்தான் எல்லாம். பெரிய டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. சனிக்கிழமை மூன்று மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில், பதின்மூன்று வயசு தாண்டின பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்காருவோம். எங்களைக் கூட்டினவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். ஒருவர் நர்சம்மா, இன்னொருவர் பெண்கள் பள்ளிக்கூடத்து ஞானதீபம் டீச்சர். வயசுக்கு வந்ததும் வீட்டில் உட்கார வைத்து, வருகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டச் சொல்லுகிற காலத்தில், இவர்கள் எங்களைப் பார்த்து, ஆண்டவர் உன் கைக்கு என்ன வேலை வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் வாரத்தில் ஒரு நாள் இவர்களில் ஒருவர் கூடவே போய் வேலையைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை எழுந்து நின்று, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "கூட்டாதே, குறைக்காதே" என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிடுவார். அதை வைத்து, யாரை நர்சு படிப்புக்கு வேலூருக்கு அனுப்பலாம், யாரை டீச்சர் வேலைக்குப் படிக்க வைக்கலாம் என்று ஜெபம் பண்ணி யோசிப்பார்கள்.

அது முடிந்ததும் ஜெபக் குறிப்பு, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் எழுந்து சொல்வது. அதற்கு ஒரு சட்டம் இருந்தது: பேர் சொல்லக் கூடாது. முன்பு ஒருத்தி, தன் சித்தப்பா குடியை விட வேண்டும் என்று பேரோடு ஜெபிக்கச் சொல்ல, மறுநாள் அது கிணற்றடிக்குப் போய், இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் போய்விட்டது. அதிலிருந்து "ஒரு சகோதரர்", "ஒரு சகோதரி" என்று மட்டும்தான். என் சிநேகிதி ரெபேக்கா ஒரு தடவை, காணாமல் போன எங்க வூட்டு ஆட்டையும் ஒரு சகோதரின்னுதான் சொல்லணுமா டீச்சர் என்று கேட்டுக் குட்டு வாங்கினாள்.

நான் நர்சம்மாவோடு போய்வந்த மாசத்தில் ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு ஓர் ஆள் வந்தார். தோல் பதனிடுகிற கொட்டகையில், நாங்கள் தோல் ஷாப்பு என்போம், அங்கே மூட்டை தூக்குகிறவர். முன்கையில் ஒரு புண், நடுவில் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். அவர் சிரித்துக்கொண்டே, வலியெல்லாம் ஒன்றும் இல்லை, பொண்டாட்டி தொந்தரவு தாங்காமல் வந்தேன் என்றார். நர்சம்மா சிரிக்கவில்லை. அவரை அன்றைக்கே வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வலிக்குதுன்னு கத்துறவனை நிதானமாப் பாக்கலாம் சாரா. கறுத்த புண்ணைக் காட்டி வலியே இல்லன்றான் பாரு, அவனைத்தான் மொதல்ல பாக்கணும்." மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய் காய்ந்த தோலில் ஒட்டிக்கொண்டு வந்து மனுஷனுக்கும் தொற்றும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆள் தாமதமாக வந்திருந்தார். நாலாம் நாள் அவரை அடக்கம் பண்ணினார்கள். குழி ஓரத்தில் அவர் மகள் அழுததை நான் பார்த்தேன்.

அது நடந்து ஒரு மாசம் இருக்கும். அம்மா, சித்தியின் பிரசவத்துக்காகக் கணியம்பாடிக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவும் மூட்டை தூக்குகிறவர்தான். ரயிலில் வந்து இறங்கும் காய்ந்த தோல் கட்டுகளைத் தோளில் வைத்து ஷாப்புக்குச் சுமப்பார். வியாழக்கிழமை காலையில் அவருக்குத் தண்ணீர் ஊற்றும்போது கழுத்தில், காதுக்குக் கீழே, கொசு கடித்த மாதிரி ஒரு சின்னக் கொப்புளம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அது உடைந்து நடுவில் கறுத்திருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு இப்பிடி உத்துப் பாக்குற? வலியே இல்ல பாப்பா" என்றார் அப்பா.

செத்துப்போன அந்த ஆளும் இதையேதான் சொன்னார். நர்சம்மாவிடம் போகலாம் என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். அந்த ஆளோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்தவர்களைக்கூட ஷாப்பில் ஒரு வாரம் உள்ளே விடவில்லையாம். அந்தப் புண் வந்தவன் பிழைத்தாலும் மேஸ்திரி திரும்பச் சேர்க்க மாட்டாராம், வேறு ஷாப்பிலும் எடுக்க மாட்டார்களாம். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே என் தலையில் கை வைத்தார். "உன் நர்சம்மா காதுக்கு இது போச்சு, அப்புறம் நம்ம வூட்ல அடுப்பு எரியாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன். கோயிலில் சத்தியம் பண்ணின மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் சனிக்கிழமை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர யார் என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. ஜெபக் குறிப்பு என்றதும் எழுந்தேன். அந்தச் சட்டம் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையும் மீறாது, ஆண்டவர் காதிலும் போட்டாயிற்று. "ஒரு சகோதரருக்குக் கழுத்தில் புண், அவருக்காக" என்றேன். நர்சம்மா சட்டென்று நிமிர்ந்து, கறுப்பா, வலி இருக்கிறதா, யார் அது என்று கேட்க ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையைத் தொட்டு, நாமதானே பேர் கேட்கக் கூடாது என்று வைத்தோம் என்றார். எல்லாரும் கண்ணை மூடி, பேர் இல்லாத அந்தச் சகோதரருக்காக ஜெபித்தார்கள். ரெபேக்கா கண்ணீரே விட்டாள். எனக்கும் நெஞ்சு லேசானது. இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார், என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தேன். நான் பண்ணின பெரிய தப்பு அதுதான்.

கூட்டம் கலைந்ததும் நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல், அது குடியாத்தத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர், கறுப்புத்தான், காலை வண்டிக்கே ஊருக்குப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன். எந்தத் தெரு என்றார். தெரியாது, தோல் ஷாப்பில் வேலை என்றேன். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பொய் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் தாடைக்கு ஏறி ஒரு பக்கத்து முகமே மாறியிருந்தது. யாரோ கேட்டதற்குப் பல் வலி என்று சொல்லிச் சிரித்தார். பெண்கள் பக்கம் நர்சம்மா வழக்கமாக உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அவர் வராதது நல்லது என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். மத்தியானம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி கொடுத்தபோது விழுங்க முடியவில்லை. எதிர்வீட்டு மாமி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து, உங்கப்பாவுக்கு உடம்பு பேஜாரா என்று கேட்டார்கள். அவர்களிடமும் பல் வலி என்றேன். ஒவ்வொரு தடவை பல் வலி என்று சொல்லும்போதும் அந்த அடக்கத்தில் அழுத பெண்பிள்ளையின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவளுக்கும் என் வயசு.

திங்கட்கிழமை அப்பா காய்ச்சலோடே வேலைக்குப் போனார். ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி ஆள் அனுப்பிப் பார்ப்பாராம். நான் பள்ளிக்கூடம் போனேன். பத்து மணி வாக்கில் வராந்தாவில் நர்சம்மா நிற்பதைப் பார்த்தேன். வெள்ளைப் புடவையின் ஓரமெல்லாம் செம்மண், வெயிலில் முகம் கறுத்திருந்தது, காலில் செருப்பு வார் அறுந்து நாரால் கட்டியிருந்தார். டீச்சர் என்னை வெளியே அனுப்பினார்.

"குடியாத்தத்துல ஒரு ஷாப்பு விடாம கேட்டுட்டேன்" என்றார் நர்சம்மா. "அப்பிடி ஒருத்தர் இல்ல."

நேற்று முழுக்க அவர் எங்கே போயிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி, ஆராதனையை விட்டு, தெரிந்தவர்கள் இல்லாத ஊரில், பெண்கள் போகாத ஷாப்பு வாசல்களில் நின்று, இல்லாத ஒரு மனுஷனைத் தேடியிருக்கிறார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் குனிந்து, என் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஆண்டவருக்குப் பேர் தெரியும் சாரா. சொல்லாட்டியும் தெரியும். எனக்குத் தெரியாதே. எனக்குத்தான் பேர் வேணும்."

"எங்கப்பா" என்றேன்.

இப்ப எங்கே என்றார், ஷாப்பில் என்றேன். நடக்க ஆரம்பித்தார், நான் பின்னாலே ஓடினேன். ஷாப்பு கேட்டைத் தாண்டிப் பெண்கள் உள்ளே போன வழக்கமில்லை. மேஸ்திரி வழி மறித்து, இங்கே பிரசவம் பார்க்கிற வேலை எதுவும் இல்லையே நர்சம்மா என்றார். பட்டை இடிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவர் மேஸ்திரியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் போனார். அப்பா கொட்டகை நிழலில் தோல் கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்சம்மா துண்டை எடுத்ததும் சிரிப்பு நின்றது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள். அப்பா நர்சம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை விவரித்து எழுத எனக்குத் தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு நான் பயந்த எதுவும் அதற்கு ஈடில்லை.

மத்தியான வண்டியில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்காவில் வேலூர். நர்சம்மாவும் நானும் கூடவே போனோம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். அம்மா கணியம்பாடியிலிருந்து ஓடி வந்தாள். மூன்று நாள் அப்பாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேரைச் சொல்லியே ஜெபித்தேன். நாலாம் நாள் அவர் தண்ணீர் கேட்டார்.

ஊர் திரும்பினபோது கழுத்தில் ஒரு குழிந்த தழும்பு. ஷாப்பில் வேலை இல்லை. அவர் பயந்ததும் நடந்துதான் போயிற்று. கொஞ்ச காலம் கஷ்டப்பட்ட பிறகு சபையார் கோயில் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். என்னிடம் அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "நீ சொன்னது நல்லதுதான். ஆனா சொல்ல மாட்டேன்னியே."

அடுத்த வருஷம் நர்சம்மா என்னை நர்சு படிப்புக்குப் போகிறாயா என்று கேட்டார். பயப்படத் தெரிந்த பெண் அந்த வேலைக்கு வேண்டும் என்றார். அப்பா வேண்டாம் என்றார், நான் போகவில்லை. அப்பாவை இன்னொரு தடவை மீறத் தைரியம் வரவில்லை. ரெபேக்காதான் போனாள்.

நான் இத்தனை வருஷம் தயங்கினதற்குக் காரணம் இதற்குப் பிறகு நடந்ததுதான். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையில் அப்பா எழுந்து சாட்சி சொல்வார். பெண்பிள்ளைகள் கூடிப் பேர் சொல்லாமல் ஜெபித்தார்கள், ஆண்டவர் என்னைத் தொட்டுச் சுகமாக்கினார் என்பார். பொய்யில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். ஆனால் அதில் குடியாத்தம் இல்லை, ஊசி இல்லை, அறுந்த செருப்பு இல்லை. என் பொய்யும் இல்லை. அதனால் எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் நர்சம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்வார். எழுந்து சொல்ல வேண்டியவள் நான். ஒரு வருஷமும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அந்த ஓட்டு அறையை இடித்துவிட்டார்கள். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் செருப்புக்கு மேல்தோல் தைக்கிற மிஷின்கள் ஓடுகின்றன, எங்கள் தெருப் பெண்பிள்ளைகளே அங்கே வேலைக்குப் போகிறார்கள். நர்சம்மாவின் கல்லறையில் எழுத்து அழிந்துவிட்டது. போன பண்டிகையில் ஒரு வாலிபப் பிரசங்கியார், இந்த ஊரில் முன்பு ஒருவருக்கு ஜெபித்த அந்த நிமிஷமே புண் மறைந்தது என்று சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. என் கை கழுத்துக்குப் போயிற்று.

ஜெபம் கேட்கப்பட்டது என்று நானும் நம்புகிறேன். நாரால் கட்டின செருப்போடு நர்சம்மா வராந்தாவில் வந்து நின்றதுதான் அதற்குப் பதில். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால், அந்தச் சனிக்கிழமை அறையில் எங்களுக்குச் சொன்னபடியே சொல்லுங்கள். என்னை நல்லவளாகக் காட்ட ஒன்றும் கூட்ட வேண்டாம், நான் வீணாக்கின அந்த இரண்டு நாளைக் குறைக்கவும் வேண்டாம். அவர் பேர் எஸ்தர். பேரைச் சொல்லியே சொல்லுங்கள்.