கிழக்கே போய் விழுந்த கரைத்தீவுக் கடை

தையல் மெசின் விற்கும் கொழும்பு நிறுவனமொன்றில் வேலை பார்த்தபோது, 63 முகவர் கடைகள் இருந்த எக்செல் தாளை இணைய வரைபடமாக்கியவன் நான். கடைப் பெயரையும் ஊரையும் கொடுத்தால் மென்பொருளே புள்ளி வைத்துவிடும். அரைநாள் வேலை. எட்டு மாதம் கழித்து, விற்பனை குறைந்த கடைகளை நீக்கச் சொன்னார்கள். முதல் பெயர் புத்தளம், கரைத்தீவு நசீமாவுடையது. நீக்குமுன் நேரில் பார்க்கலாமென்று ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

காலை 5.30க்குக் கொழும்பில் பஸ்; 9.40க்குப் புத்தளம். பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு முச்சக்கர வண்டிக்காரரிடம் கடையைச் சொன்னேன்.

“நசீமா ராத்தாட கடையா? ஏறுங்க.” (அக்காவை இங்கே ராத்தா என்பார்கள்.)

வடக்கே சுமார் 20 கிலோமீற்றர். காத்திருந்து திரும்ப 1,800 ரூபாய். வழியில் என் வரைபடத்தைத் திறந்தால், கடைக்கு இன்னும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்றது. கிழக்கே அம்பாறை மாவட்டத்திலும் ஒரு கரைத்தீவு உண்டு. புள்ளி அங்கே கிடந்தது.

நசீமா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். வீட்டின் முன்னறைதான் கடை. பிழை என்னுடையது என்று சொன்னேன்.

“அதானா தம்பி? மாசத்துக்கு நாலஞ்சு பேர் கோல் எடுப்பாங்க, கடை முன்னுக்கு நிக்கிறம், காணல்லண்டு. எட்டிப் பார்த்தா ரோட்டுல ஒருத்தரும் இல்ல.”

“பிறகு?”

“ஒரு பிள்ளை கோல்ல அழுதிச்சு. விடிஞ்சா கலியாணச் சட்டை குடுக்கணுமாம், மெசின் நிண்டுட்டாம். ஊரைக் கேட்டப்பதான் விளங்கிச்சு. அங்கால ஒரு மெசின் கடைட நம்பரைத் தேடிக் குடுத்தேன். இப்ப எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன்.”

அந்த நம்பரை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். என் தாளில் அவர் பெயருக்கு நேரே ‘பயனில்லை’ என்று நானே எழுதி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்று புள்ளியைத் திருத்தினேன். அவர் எட்டிப் பார்த்தார். “அப்ப அந்தப் பக்கத்து ஆக்கள் எங்க போவாங்க?”

கதவிலிருந்த நம்பரை எழுதிக்கொண்டேன்.

இப்படி வேலை செய்கிறவர்களுக்கு: தாளில் மாவட்டத்துக்கு ஒரு நிரல் கட்டாயம் வையுங்கள். புள்ளிகளைப் பார்த்தால் போதாது, கடைக்காரரிடம் ஒருமுறை பேசுங்கள். கரைத்தீவுக்குப் போனால் வண்டியை நிறுத்தி வையுங்கள். திரும்ப பஸ் குறைவு.

நசீமாவின் கடையை நீக்கவில்லை. புள்ளியைத் திருத்திய இரண்டாம் மாதம் கற்பிட்டியிலிருந்து ஒருவர் வரைபடம் பார்த்து வந்து மெசின் வாங்கினாராம். எழுதிவந்த நம்பரில் பேசியபோது, கிழக்கிலுள்ள அந்தக் கடைக்காரரும் முகவராகச் சம்மதித்தார். தாளில் அவர் 64ஆவது. ‘அறிமுகம் செய்தவர்’ என்ற இடத்தில் நசீமாவின் பெயரைப் போட்டேன்.